செயற்கை மூட்டு பக்கத்துல எலும்பு உடைஞ்சு சிஆர்பி (உடம்புல அழற்சி இருந்தா ஏறற ரத்த டெஸ்ட்) ஏறியிருக்கு, இன்ஃபெக்ஷன்தானா?

அத மட்டும் வெச்சு பயந்துடாதீங்க, எலும்பு உடைஞ்சாலே சிஆர்பி, அதே மாதிரி இன்னொரு ரத்த டெஸ்டான ஈஎஸ்ஆர் ரெண்டும் ஏறும். முக்கியமா யோசிக்க வேண்டியது, விழறதுக்கு முன்னாடியே அந்த மூட்டுல வலி இருந்துச்சா, பழைய தையல் இடத்துல நீர் கசிஞ்சுதா? ஆமான்னா சந்தேகம் வலுக்குது. அப்புறம் ஊசி போட்டு மூட்டு நீர எடுத்து வெள்ளணு எண்ணுவாங்க, நாள்பட்ட இன்ஃபெக்ஷனுக்கு மைக்ரோலிட்டருக்கு 3000க்கு மேலன்னு ஒரு கணக்கு இருக்கு, ஆனா உடைஞ்ச எலும்போட ரத்தம் கலந்து சிவப்பா வர்ற நீர்ல அத அப்படியே நம்ப முடியாது. ஆபரேஷன்ல வேற வேற இடத்துலேர்ந்து 5 துண்டு திசு எடுத்து கல்ச்சர் வெச்சு (லேப்ல கிருமி வளருதான்னு பாத்து), ரெண்டுல ஒரே கிருமி வந்தா அதுதான் உறுதியான ஆதாரம், சிலது மெதுவா வளரும், 14 நாள் வரைக்கும் காத்திருக்கணும். அவசரம் இல்லேன்னா சாம்பிள் எடுக்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் வேண்டாம், கிருமி இருந்தும் கல்ச்சர்ல வராம போயிடும்.