கேப்போ வாங்கும் முன் கட்டை விரலைக் கேளுங்கள்

பழைய கிட்டாரைத் தூசி தட்டி எடுப்பது பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதினேன். சேலத்தில் பரணில் இத்தனை கிட்டார் கிடக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வந்த கடிதங்களில் பாதி கேப்போ பற்றியவை, அதாவது கிட்டார் கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பியையும் ஒன்றாக அமுக்கிச் சுருதியை ஏற்றும் கிடுக்கி. எழுதியவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயது 67. பெருவிரல் மூட்டில் வலி. பேரனுடைய ஸ்பிரிங் கேப்போவை அமுக்கித் திறக்கவே முடியவில்லை. எனக்கு எது சரிப்படும்? (அஸ்தம்பட்டி)

பதில்: ஸ்பிரிங் வகை உங்களுக்கு வேண்டாம். அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முழுப் பலமும் பெருவிரலில்தான் விழும். மீதி இருப்பவை இரண்டு. ஒன்று நெம்புகோல் வகை. அதன் சின்ன திருகை உங்கள் கிட்டாருக்கு ஏற்றபடி ஒருமுறை சரிசெய்துவிட்டால் போதும், அப்புறம் உள்ளங்கையால் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும். இன்னொன்று முழுக்கத் திருகு வகை. மாட்ட நேரமாகும், ஆனால் அமுக்கவே வேண்டாம், விரல் நுனியால் திருகினால் போதும். மேடையில் பாட்டுக்குப் பாட்டு மாற்றுகிறவருக்கு முதலாவது. வீட்டில் சாயங்காலம் காபியோடு வாசிப்பவருக்கு இரண்டாவதே போதும்.

கிட்டாரைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். முதல் தடவை எல்லாமே சுலபமாகத்தான் இருக்கும். ஏழாவது தடவை விரல் சொல்லும்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. தள்ளுபடி என்றார்கள், நீல நிறம் பளபளத்தது, வாங்கிவிட்டேன். ஸ்பிரிங் எலிப்பொறி மாதிரி. மாட்டியதும் ஆறு கம்பியும் சுருதி ஏறிப் போகும், பாட்டுக்கு ஒருமுறை ட்யூன் செய்ய வேண்டும். இப்போது எங்கள் வீட்டில் பொன்னி அரிசிப் பையின் வாயைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: பார் கார்டு (ஒரே விரலைக் குறுக்கே வைத்துக் கம்பிகளை அமுக்குவது) பிடிக்க முடியாமல் கேப்போ போட்டு வாசிக்கிறேன். அது ஏமாற்று வேலை என்று பேரன் கிண்டல் செய்கிறான். (அம்மாப்பேட்டை)

பதில்: அவனுக்கும் அறுபது வயதாகட்டும்.

கேள்வி: கோயில் பாடற்குழுவுக்கு வாசிக்கிறேன், வயது 64. பெண்கள் குரலுக்காகக் கேப்போ போட்டால் ஒரு கம்பி கிர்ரென்கிறது, சுருதியும் பிசகுகிறது. விலை கூடிய கேப்போ வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். (ஏற்காடு)

பதில்: பர்ஸை மூடி வையுங்கள். முதலில் கேப்போ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிதான் ஃப்ரெட். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தால் கம்பி வளைந்து சுருதி ஏறும். ஃப்ரெட் உலோகத்தை ஒட்டி, தலைப்பக்கமாக, நேராக உட்கார வேண்டும். பிறகு கிர்ரென்ற சத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்கம் கொடுங்கள், அதற்கு மேல் ஒரு சுற்றுகூட வேண்டாம்.

அப்படியும் பிசகினால் ஊரைச் சந்தேகப்படுங்கள். உங்கள் மூடுபனியில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், கம்பி உயரும். உயர்ந்த கம்பியை அமுக்கினாலே சுருதி ஏறிவிடும். கம்பி துருப்பிடித்திருந்தால் இன்னும் மோசம். கேப்போ விலையில் புதுக் கம்பி போட்டு, உயரத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் கேட்பார்கள். ஜி கார்டில் வாசித்தால் ஐந்து கட்டை, அதையே முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசித்தால் ஐந்தரை. சி கார்டு ஒரு கட்டை, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் இரண்டு கட்டை.

உங்கள் வயதுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆறு கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் (இரண்டு ஃப்ரெட் அளவு) இறக்கி ட்யூன் செய்துவிட்டு, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். சுருதி பழையபடியே இருக்கும், கம்பியின் இழுவை மட்டும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். 648 மில்லிமீட்டர் கம்பி நீளமுள்ள கிட்டாரில் முதல் கட்டத்தின் (ஃப்ரெட்டுக்கு முந்தைய இடைவெளியின்) அகலம் 36 மில்லிமீட்டர். கேப்போவுக்கு அடுத்த கட்டம் 32தான். விரலுக்கு அந்த நாலு மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய கேப்போ என் நைலான் கம்பி கிட்டாரில் சரியாக உட்காரவில்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்று வாரம் ஆகிறது. (ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: நைலான் கிட்டாரின் கழுத்து அகலம், விரல்பலகை தட்டை. நீங்கள் வாங்கியது வளைந்த பலகைக்கானது. 'ஸ்டீல் கம்பிக்கு மட்டும்' என்று அங்கேயே போட்டிருந்ததாக உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் யாரைக் கேட்பது? தெரிந்தவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 450 ரூபாய்க்கு வாங்கிய கேப்போவில் மூன்றாம் நாளே திருகின் மரை போய்விட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். கடைப்பையன் சிரிக்கவும் செய்தான். (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: அந்த ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். மிக்ஸி ஒன்று வாங்கி, நாலாம் நாள் புகை வந்து, திரும்ப எடுத்துப் போனேன். ஸ்டாம்பைக் காட்டினார்கள். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன், ஐயா. என் வீட்டம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

அந்த வரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பில் தராமல் இருப்பதும் அதே குற்றம்தான். பழுது இருந்தால்தான் இந்தப் பேச்சு. மனசு மாறிப் போனவர்களுக்காகச் சட்டம் வராது.

மரை போன திருகையும் பில்லையும் போட்டோ எடுங்கள். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அசையவில்லை என்றால் 1915க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடம் அவகாசம். 450 ரூபாய்க்கு இவ்வளவா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். நேரில் வந்தால் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.

கேள்வி: ட்யூனரும் சேர்ந்த கேப்போ வாங்கலாமா? (குகை)

பதில்: வேண்டாம். ட்யூனர் போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

கேள்வி: கழற்ற சோம்பலாக இருக்கிறது. கேப்போவோடு அப்படியே பையில் வைக்கலாமா? (சூரமங்கலம்)

பதில்: வைக்காதீர்கள். ரப்பரில் ஆறு தடம் விழுந்துவிடும், அப்புறம் கம்பியைச் சரியாகப் பிடிக்காது. பையின் வெளி ஜிப்பில் போடுங்கள். மூக்குக் கண்ணாடியையும் அதே ஜிப்பில் போட வேண்டாம். எனக்கு ஒரு கண்ணாடி போயிற்று.