கல்வெட்டு காத்திருக்கட்டும்

அன்பான அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 52. சேலம் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 16 வயதில் கூலிக்குப் போனவன். எனக்கு வெள்ளி பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சபையில் இருக்கும் ஓர் அண்ணன். இப்போது எழுபது தாண்டிவிட்டார்.

வெள்ளி கிலோ 1 லட்சத்தைத் தாண்டும் முன்பே நிறைய வாங்கி வைத்திருந்தேன். விலை ஏறியது, என் நிலையும் மாறியது. அமைதியாக ஜெபிக்கலாம் என்று ஏற்காட்டில் ஒரு வீடு வாங்கினேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் முழங்காலில் நின்றால் வார்த்தை வருவதில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், பேரன் கல்லூரிக் கட்டணத்துக்காக அண்ணன் கடைக்கு வந்தார். வியாபாரி இருக்கிறார் என்று சொல்லி 2 மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தேன். உண்மையில் அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. பிறகு 40,000 ரூபாய் கொடுத்தேன். பண்டிகையன்று சாட்சி சொல்லும்போது அவர் பெயரைச் சொல்லியே இதைச் சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். அண்ணன் எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வரவே இல்லை. அன்று காணிக்கையாக வந்த பொருள்களின் ஏலத்தில், இன்னொருவர் எடுத்துவிடக் கூடாதென்று ஒரு பூசணிக்காயை 15,000 வரை ஏற்றி எடுத்தேன்.

"உங்க ஜெபத்தைக் கேட்டா ஆண்டவருக்குக் கணக்குச் சொல்ற மாதிரி இருக்குதுங்க" என்கிறாள் மனைவி. 3 மாதமாகத் தூக்கம் இல்லை. ஆலய முன்மண்டபத்தை என் செலவில் கட்டித் தருவதாகக் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். பெற்றோர் பெயரில் கல்வெட்டும் வைக்கலாம் என்றார்கள். அதைச் செய்தால் மனம் ஆறுமா? இல்லை, சொத்தே பாவமா, விற்றுவிடட்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம், சேலம்

அன்புள்ள சகோதரருக்கு,

"அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்காமல் வந்த வரி அது. உங்களை எழுத வைத்தது அந்தப் பெஞ்சுதான் என்று நினைக்கிறேன்.

சொத்தை விற்கச் சொல்ல மாட்டேன். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, ஐசுவரியவான்கள் இறுமாப்பு கொள்ள வேண்டாம், நிலையற்ற பணத்தின்மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம், தாராளமாகக் கொடுக்கட்டும் என்கிறார். முதலில் வருவது இறுமாப்பு.

அது எப்படி உள்ளே நுழைகிறது என்று பாருங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளர் பால் பிஃப் இருவர் இருவராக மோனோபொலி என்ற, சொத்து வாங்கி விற்கும் பலகை விளையாட்டை ஆட வைத்தார். காசு சுண்டிப்போட்டு, ஒருவருக்கு மட்டும் இரண்டு மடங்கு பணம் கொடுத்தார். வென்ற பிறகு கேட்டால், அவர்கள் தங்கள் சாமர்த்தியத்தைத்தான் பேசினார்களாம், சுண்டிப்போட்ட காசைப் பற்றிப் பேசவில்லை. மோசே உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் எச்சரிப்பதும் இதைத்தான்: என் கைப்பெலன்தான் இதைச் சம்பாதித்தது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளாதே. லூக்கா 12இல் வரும் பணக்காரனுக்கும் நிலம் விளைந்தது. அவனோ "என் களஞ்சியம், என் தானியம்" என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறான். அந்த நிலத்தில் உழைத்த ஒரு ஆள்கூட அவன் பேச்சில் இல்லை. நீங்கள் உழைத்தவர், மறுக்கவில்லை. ஆனால் வெள்ளி விலையை ஏற்றியது நீங்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் வெள்ளி விலை இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, பட்டறை ஆட்களின் கூலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. விலை ஏறியபோது அதுவும் ஏறியதா? நிறுத்தி வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். மண்டபத்துக்கு ஒதுக்கிய பணத்தை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கமிட்டியிடம் கொஞ்ச காலம் பொறுக்கச் சொல்லுங்கள். எப்போது கட்டினாலும் கல்வெட்டு வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று இயேசு சொன்னது உங்களைப் போன்ற நல்ல மனமுள்ளவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. கொடுக்க மனமில்லாதவனுக்கு அந்தச் சோதனையே வருவதில்லை.

தூக்கத்தை அசட்டை செய்யாதீர்கள். 3 மாதம் நீண்ட காலம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஒருமுறை போய்க் காட்டுங்கள். அது விசுவாசக் குறைவு ஆகாது. வீட்டம்மா சொன்னது குத்தலாகத் தோன்றியிருக்கலாம். உங்கள் ஜெபத்தைக் கவனித்துக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான், இன்னும் கொஞ்சம் பேசவிடுங்கள்.

இப்போது அண்ணனைப் பற்றி. அவர் வந்தது தன் கையில் வேலை பழகிய பையனிடம். நீங்கள் கொடுத்ததோ ஓர் ஏழைக்குச் செய்த தர்மம்போல் ஆகிவிட்டது. அதையும் சபை நடுவே பெயரோடு சொல்லிவிட்டீர்கள். அவர் எழுந்து போனது கோபத்தால் இருக்காது. பேரன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கூச்சமாக இருக்கலாம்.

போங்கள். பணம் கொண்டுபோக வேண்டாம். கொடுத்ததைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம், அது இன்னொரு சாட்சியாகிவிடும். "அண்ணா, உங்களை வேண்டுமென்றே காக்க வைத்தேன், சபையில் உங்கள் பெயரைச் சொன்னதும் தப்பு" என்று மட்டும் சொல்லுங்கள். சபையிலும் இதைச் சொல்லலாமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அவர் உடனே வெளியே வராமல் இருக்கலாம். எவ்வளவு நேரமானாலும் வாசலில் காத்திருங்கள்.