மானுக்காக பொலித்தீன் பொறுக்கிட்டு பைக்ல வீட்ட போறது

வணக்கம் அண்ணா, நான் திருகோணமலை உப்புவெளி. இங்க கோட்டையடியில மான் பொலித்தீன் தின்னுதெண்டு போன ஞாயிறு பதினைஞ்சு பேர் குப்பை பொறுக்கப் போனம். முடிஞ்சு வெளியில வந்து பாத்தா பதினாலு மோட்டசைக்கிள் நிக்குது, சைக்கிள் ஒண்டும் இல்ல. நாங்க எல்லாம் சும்மா நடிக்கிறமா?

தம்பி, நடிப்பெல்லாம் இல்ல. அந்தப் பதினைஞ்சாவது ஆள் ஆரின்டயும் பின் சீட்டில வந்திருந்தா அவர்தான் உங்களுக்குள்ள கெட்டிக்காரன்.

டீக்மன், ப்ரைசென்டோர்ஃபர் எண்டு ரெண்டு ஜெர்மன் சமூகவியல்காரர் இதைப் பற்றி எழுதியிருக்கினம், செலவும் கரைச்சலும் குறைஞ்ச இடத்திலதான் அக்கறை நல்லா வேலை செய்யுமாம், குப்பை பிரிக்கிற மாதிரி, வாகனத்தை விடுறதெண்டு வந்தா அது அடங்கிப் போயிடும். உங்கட கதையும் அதுதான். பொறுக்கிறது ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சுது, சைக்கிள் எண்டா தினமும் வெயில், முதுகோட ஒட்டின சேர்ட், நிலாவெளி றோட்டில பின்னால ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வாற பஸ்.

அதைவிட மானப் பிரச்சினை. நான் சைக்கிள்ல வேலைக்குப் போன ரெண்டாம் நாளே வாசல் காவலாளி "என்ன சேர், பைக் கராஜிலயோ" எண்டார், மூண்டாம் நாள் மாமி போன் எடுத்து சம்பளம் ஒழுங்கா வருதா எண்டு மனிசிட்ட விசாரிச்சவ. ஆனா விடிய பின் கரியர்ல மீன் பெட்டி கட்டி மிதிச்சு வாற ஐயாட்ட ஆரும் சுற்றுச்சூழல் அக்கறை பற்றிக் கேக்கிறேல்ல.

2022 பெற்றோல் தட்டுப்பாடு ஞாபகம் இருக்கா? சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கி இருக்கிற ஊர்ல பெற்றோல் செட்டடியில லைன்ல நிண்டம், கியூஆர் கோட் காட்டி பெற்றோல் அடிக்கிற முறை வந்த புதுசில பைக்குக்கு கிழமைக்கு 4 லீற்றர். அப்ப ஊரே சைக்கிள்ல. ஒருத்தருக்கும் திடீரெண்டு இயற்கையில பாசம் வரேல்ல, எல்லாரும் மிதிச்சதால வெக்கம் போச்சு, றோட்டிலயும் வாகனம் குறைஞ்சுது. பெற்றோல் வந்தோடன என்ட சைக்கிள் சுவரோட சாஞ்சுது, உப்புக்காத்தில செயின் கறள் கட்டி இறுகி, போன மாசம்தான் கழட்டி எண்ணெய் விட்டன்.

இப்ப மடத்தடிச் சந்திக்கு இங்கால எண்டா சைக்கிள், அங்கால எண்டா பைக், இந்தளவுக்குத்தான் என்ட அக்கறை ஓடுது, மழை வந்தா அதுவும் இல்ல.

அடுத்த ஞாயிறு எல்லாரையும் சைக்கிள்ல வரச் சொல்லிப் பாருங்க, உப்புவெளியில இருந்து கோட்டைக்கு அஞ்சாறு கிலோமீற்றர்தான். ஒராள் வந்தா பகிடி பண்ணுவினம், பதினைஞ்சு பேர் வந்தா என்ன போட்டியோ எண்டுதான் கேப்பினம். பம்ப் ஒண்டு கொண்டு போங்க.