எதிர்காற்றில் ஒரு நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டான்யூப் ஆற்றின் கரையோரமாக, ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை சைக்கிளில் போன கட்டுரையைப் படித்தேன். அதில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸுக்குப் போக ஒரு முழு நாள் ஆனது என்கிறீர்கள். வரைபடத்தில் அது நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. மேடே இல்லாத பாதையில் நாள் முழுக்க என்னதான் செய்தீர்கள்? எனக்கு வயது 56, முழங்கால் வலி உண்டு. நான் போகலாமா?

கு.

அன்புள்ள கு.,

மேடு இல்லைதான். காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள். அங்கே பெரும்பாலும் மேற்குக் காற்று. ஆறும் கிழக்கே இறங்குகிறது. அதனால்தான் பெரும்பாலோர் வியன்னாவை நோக்கியே மிதிக்கிறார்கள். நான் போன அன்று பார்த்துக் கிழக்கிலிருந்து அடித்தது. மேடு என்றால் ஏறி முடித்ததும் இறக்கம் வரும். எதிர்காற்றில் அந்தப் பேச்சே இல்லை. எழுபது வயது மதிக்கத்தக்க தம்பதியர் மின்சார சைக்கிளில் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

டான்யூபின் கிலோமீட்டர்களை ஊற்றிலிருந்து எண்ணுவதில்லை; கருங்கடல் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். மெல்க் ஏறத்தாழ 2036, கிரெம்ஸ் 2002. கரைப் பலகைகளில் எண் குறைந்துகொண்டே வரும். 2025-லிருந்து 2024-க்கு வர எனக்கு ஏழு நிமிடம் பிடித்தது.

வில்லெண்டார்ஃபில் நின்றேன். 1908-இல் அகழாய்வில் பதினொரு சென்டிமீட்டர் உயரக் கற்காலப் பெண் சிலை கிடைத்த இடம். அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது பெரிதாகச் செய்த நகல். உண்மையைச் சொன்னால் காற்றுக்கு ஒதுங்கத்தான் நின்றேன்.

நேரம் போனது ஸ்பிட்ஸ் ஓடத்துறையில். அங்கே ஆற்றைக் கடக்கும் ஓடத்துக்கு எஞ்சின் கிடையாது. இரு கரைக்கும் நடுவே உயரத்தில் ஒரு கம்பிவடம். அதில் உருளும் கப்பியோடு ஓடத்தைப் பிணைத்திருக்கிறார்கள். ஓடக்காரர் சுக்கானைத் திருப்பி ஓடத்தை நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்துகிறார். கீழே இழுத்துப் போகப் பார்க்கும் நீரை வடம் தடுக்க, ஓடம் பக்கவாட்டில் நகர்கிறது. தலைக்கு மேலே கப்பி உருளும் சத்தம், பலகையில் நீர் மோதும் சத்தம், அவ்வளவுதான். போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். மூன்றாவது முறை டிக்கெட் கேட்டபோது ஓடக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தென்கரை அமைதியானது. திராட்சைத் தோட்டங்கள், நடுநடுவே ஆப்ரிகாட் மரங்கள். ரோஸாட்ஸிலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில் டூர்ன்ஷ்டைனின் நீலக் கோபுரம். மேலே பாறையில் இடிந்து கிடக்கும் கோட்டை; இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டை 1192-இல் பிடித்து அடைத்து வைத்த இடம். ஏறிப் பார்க்கக் காலில் தெம்பு இல்லை.

உங்கள் முழங்காலுக்கு வருகிறேன். மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால், சீட்டைத் தாழ்த்தி வைக்காதீர்கள், எளிய கியரில் வேகமாக மிதியுங்கள், கௌரவம் பார்க்காமல் மின்சார சைக்கிளை வாடகைக்கு எடுங்கள். ஒரு நாளுக்கு நூறு கிலோமீட்டர் என்று மார்தட்டுகிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அவர்கள் ஸ்பிட்ஸில் நிற்பதில்லை.

ஜூலையில் போனால் வழியோரக் கடைகளில் ஆப்ரிகாட் கிடைக்கும். வாங்கினால் பையின் மேலே வையுங்கள். நான் ஒரு கிலோவை அடியில் வைத்து, கிரெம்ஸ் விடுதியில் இரவு பத்து மணிக்கு மாற்றுச் சட்டையை அலசிக்கொண்டிருந்தேன்.