மருத்துவமனையில் இருந்தபோது ஹீமோகுளோபின் குறைந்தது ஏன்?

கேள்வி: நிமோனியாவுக்காக என் தந்தை (வயது 68) இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்தார். சேர்க்கும்போது 13.4 கிராமாக இருந்த ஹீமோகுளோபின், வீடு திரும்பும்போது 10.2 ஆகிவிட்டது. எங்கும் இரத்தம் போனதாகத் தெரியவில்லை. சற்று நடந்தாலே மூச்சு வாங்குகிறது. நோயின் அசதிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் போதுமா?

பதில்: ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் அதை இரத்தசோகை என்கிறோம். ஆகவே உங்கள் தந்தைக்கு இது மருத்துவமனையில் இருந்த நாட்களில் உண்டானது. உள்நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவதும், அசதி என்று எளிதில் ஒதுக்கப்பட்டுவிடுவதும் இதுவே.

முதன்மையான காரணம் பெரும்பாலும் தொற்றுதான். உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடல் இரும்பை உறிஞ்சுவதைக் குறைப்பதோடு, சேமிப்பில் உள்ள இரும்பையும் வெளியே விடாமல் தடுப்பதால், உடலில் இரும்பு இருந்தும், இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜைக்கு அது கிடைப்பதில்லை. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுவதற்காகச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோனுக்கு மஜ்ஜை காட்டும் வேகமும் அப்போது மந்தமாகிவிடும். இத்துடன் பரிசோதனைக்காக அன்றாடம் எடுக்கும் இரத்தமும் சேர்கிறது. ஒவ்வொரு முறையும் சில மில்லிதான் என்றாலும், புதிய அணுக்கள் சரிவர உருவாகாத நேரத்தில் அந்த இழப்பு ஈடாவதில்லை. தேவையற்ற பரிசோதனைகளைத் தவிர்ப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன். நரம்பு வழியே ஏற்றும் திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்தும் அளவைக் குறைத்துக் காட்டலாம்; இது சில நாட்களில் சரியாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவை மறந்துவிடக் கூடாது. ஆஸ்பிரின், வலிநிவாரணிகள், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் ஆகியவற்றால் இரைப்பையில் கசிவு ஏற்பட்டால், மலம் தார் போலக் கறுத்துப் போகும். இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், அதைத் தொடங்குவதற்கு முன்பே இதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

சோர்வு, தலைசுற்றல், படபடப்பு, வெளிறிய கண் இமை உட்புறம், நடந்தால் மூச்சு வாங்குதல் ஆகியவை இரத்தசோகையின் அறிகுறிகள். ஆனால் 10.2 என்ற அளவு மட்டுமே இவ்வளவு மூச்சுத்திணறலுக்குக் காரணம் என்று முடிவு செய்துவிட வேண்டாம். நுரையீரலையும் இதயத்தையும் மருத்துவர் மீண்டும் பரிசோதிப்பது அவசியம்.

மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள். முழு இரத்த அணுப் பரிசோதனை, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பது), பி12, ஃபோலேட், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்த பிறகே காரணம் தெளிவாகும். அழற்சியின்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும் என்பதால், அது இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து இரும்புக் குறைபாடு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொற்று நீங்கியபின் மஜ்ஜை மீண்டு வரச் சில வாரங்கள் ஆகலாம். நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் மூச்சுத்திணறல், கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றைக்கே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.