காத்தாலை கோபுர ஆர்சிஎஸ்: 15 டெசிபல் எங்க போச்சு?
காத்தாலை கோபுரம் சிதறடிக்கற சிக்னலை ஒத்தை ஆர்சிஎஸ் (ரேடார் குறுக்குப்பரப்பு, ஒரு பொருள் எவ்வளவு அலையைத் திருப்புதுன்னு சொல்ற அளவு) வெச்சு கணக்கு போட்டா, அளந்ததை விட 15 டெசிபல் கூட வருதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த ஒத்தை நம்பரை மொதல்ல தூக்கிடுங்க, தப்பு அங்கதான். 80 மீட்டர் கோபுரம், 600 மெகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் அரை மீட்டர், ஃபார் ஃபீல்டு (பொருளை ஒரு புள்ளியா எடுத்துக்கற அளவு தூரம்) எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்க 2D²/λ (D கோபுர உசரம், λ அலைநீளம்) போட்டா 25.6 கிலோமீட்டர் வருது. உங்க ஆன்டெனா இருக்கறதோ 1.5 கிலோமீட்டர்ல, ஃபார் ஃபீல்டு ஃபார்முலா அங்க செல்லுபடியே ஆகாது.

கோபுரத்தை 5 மீட்டர் துண்டா வெட்டி, ஒவ்வொண்ணோட சிதறலையும் ஃபேஸோட சேர்த்து கூட்டுங்க. நேரான சிலிண்டர்னே வெச்சாலும் சராசரி ஆரம் 1.6 மீட்டருக்கு கிட்டத்தட்ட 9 டெசிபல் இதுலயே இறங்கிடும்.

மிச்சம் டேப்பரா (கோபுரம் மேல போகப் போக ஒடுங்கறது) இருக்கலாம்னு நினைக்கிறேன், பலரும் இதை விட்டுடறாங்க (நானும் ஒரு தடவை விட்டுட்டு ரெண்டு நாள் முழிச்சேன்). அடியில 4, மேல 2.5 மீட்டர் விட்டம்னா பரப்பு அரை டிகிரி மேல பாக்குது, பிரதிபலிப்பு ஒரு டிகிரி தூக்கும், 1.5 கிலோமீட்டர்ல அது 28 மீட்டர் உசரம் மாதிரி. உங்க 10 மீட்டர் ஆன்டெனா தலைக்கு மேலயே போயிடும். ஆனா டிரான்ஸ்மிட்டர் உசரத்துல இருந்து அலை சாய்ஞ்சு வந்தா இந்தக் கணக்கு மாறும், அந்தக் கோணத்தையும் போடுங்க.

செக் பண்ண: டேப்பர் இல்லாம தூரத்தை 1.5லேந்து 3 கிலோமீட்டர் ஆக்குங்க. சிதறல் சிக்னல் 6 டெசிபலை விட கம்மியா குறைஞ்சா சரி, சரியா 6 குறைஞ்சா கோட் இன்னும் கோபுரத்தை புள்ளியாதான் பாக்குது.

இது கோபுரத்துக்கு மட்டும். சுத்தற பிளேடு வேற கதை, ஐடியு (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை பிடி.805 பிளேடை மட்டும்தான் கணக்குல எடுக்குது, அதோட இதை ஒப்பிடாதீங்க.