அந்துருண்டை வாசனை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் காலியாகக் கிடந்த மனையில் ஒரு காலத்தில் நிலக்கரியிலிருந்து எரிவாயு தயாரித்தார்களாம். இப்போது பெரிய கூடாரம் போட்டுத் தோண்டுகிறார்கள். பழைய பீரோவைத் திறந்ததுபோல் அந்துருண்டை வாசனை வருகிறது. இத்தனை வருடம் கழித்தும் மண்ணில் என்ன இருக்கும்? எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் தீர்ந்ததா?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. அந்துருண்டையில் இருந்த நாப்தலீனே நிலக்கரித் தாரிலிருந்து எடுத்ததுதான். காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சூடாக்கினால் வாயு வரும், கோக் என்னும் கரி மிஞ்சும், கூடவே தாரும் வடியும். லண்டனில் 1812-லேயே இதற்கென ஒரு கம்பெனி வந்துவிட்டது. பிறகு இயற்கை எரிவாயு வந்ததும் ஆலைகளை இடித்தார்கள். தரைக்குக் கீழே இருந்த தொட்டிகளைப் பல இடங்களில் இடிபாட்டைக் கொட்டி அப்படியே மூடிவிட்டார்கள். உள்ளே இருந்த தார் எங்கே போகும்?

தோண்டும்போது நீலமாக மரச்சீவல் வந்தால் அதுவும் ஆலையின் மிச்சம்தான். வாயுவைச் சுத்தம் செய்ய இரும்பு ஆக்சைடு கலந்து அடுக்கிய சீவல் அது. வாயுவில் இருந்த சயனைடு அந்த இரும்போடு சேர்ந்து துணிக்குப் போடும் நீலம்போல் ஆகிவிடும்.

பெரிய தலைவலி தார்தான். தண்ணீரைவிடக் கனம் என்பதால் நிலத்தடி நீரில் மிதக்காமல் மூழ்கிப்போய்க் களிமண் தட்டில் உட்காரும். தட்டு சரியும் பக்கம் ஊரும், நீரோட்டம் வேறு பக்கம் போனாலும் சரி.

இப்படிப்பட்ட மனைகளில் மண்ணைச் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், களிமண் எவ்வளவு தடிமன் என்று பார்க்கும் ஆசையில், இன்னும் ஒரு மீட்டர் துளைக்கச் சொன்னேன். துளை போடுபவர் என்னை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. குழாயை மேலே இழுத்தால், களிமண்ணுக்குக் கீழே இருந்த சுத்தமான மணலில் கறுப்பு மினுமினுப்பு. தாருக்கு வழி வெட்டிக் கொடுத்தவன் நானே. இரவு முழுக்கச் சிமென்ட் பாலை ஊற்றி அந்தத் துளையை அடைத்தோம். அதற்கப்புறம், களிமண்ணில் வெளிக்குழாயைப் பதித்து மேலடுக்கை அடைத்துவிட்டுத்தான், அதற்குள் சின்னத் துளை இறக்குவேன்.

அதனால்தான் எல்லாவற்றையும் அள்ளுவது நடக்கிற காரியமில்லை. தொட்டியைக் காலி செய்யலாம். ஆழத்தில் இருப்பதை அங்கேயே சிமென்ட் கலந்து இறுக்குவார்கள், சுற்றிச் சுவர் இறக்குவார்கள், அல்லது கிணறு போட்டுத் தாரை மெல்ல மெல்ல எடுப்பார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் 1956-ல் ஓட்டத்தை நிறுத்திய எரிவாயு ஆலை 1975-ல் பூங்காவாகத் திறந்தது. பக்கத்து ஏரியின் அடிச்சேற்றை ஆராயும் வேலை இந்த நூற்றாண்டிலும் ஓய்ந்தபாடில்லை.

கூடாரம் ஆவியைப் பிடித்து வைக்கத்தான். உள்காற்றைக் கரி வடிகட்டி வழியாக வெளியே விடுவார்கள். நாப்தலீன் துளி இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதனால் வாசனை வந்ததுமே பயப்பட வேண்டாம். தாரிலிருந்து ஆவியாகும், புற்றுநோய் தரக்கூடிய பென்சீனை மட்டும் மூக்கை நம்பி விடக்கூடாது, கருவிதான் சொல்ல வேண்டும். வேலியோரத்தில் எடுக்கும் அன்றாட அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு நிலவறை இருந்தால் அங்கேயும் காற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். வாசனை திடீரென்று அதிகமானால் கூடாரக் கதவு திறந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் லாரி வெளியே போகிற நேரமாக இருக்கும்.